கடல்வழி வந்து சேர்வது: சொகுசுக் கப்பல் பயணத்தை ரசிப்பது எப்படி?

சொகுசுக் கப்பல் என்று பேச்சை எடுத்தால் அரூர்ப் பக்கத்தில் மூன்று பதில்கள் தயாராக இருக்கின்றன. அது பணக்காரர் சமாச்சாரம். கடலே இல்லாத தர்மபுரி மாவட்டத்துக்காரருக்கு அது எதற்கு. நாலு நாள் தண்ணீரையே பார்த்துக்கொண்டு என்ன செய்வது. இப்படிச் சொல்பவர்களே வேனில் கால் மடக்கி உட்கார்ந்து இரவெல்லாம் போய், இறங்கிய இடத்தில் அரைமணி நேரம் நின்று, அடுத்த ஊருக்கு ஓடுகிறார்கள். அதைச் சுற்றுலா என்று ஏற்கும் மனம் கப்பலை மட்டும் தள்ளிவைப்பது எந்த நியாயத்தில் என்று எனக்குப் பிடிபடவில்லை. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்தே 'எம்பிரஸ்' என்ற கப்பல் சுற்றுலாப் பயணிகளோடு கிளம்பியது. மறு ஆண்டு ஜூனில் அது அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கையைச் சுற்றத் தொடங்கியது. மொரப்பூரில் ரயிலேறினால் சென்னை சென்ட்ரல். அங்கிருந்து துறைமுகம் சில கிலோமீட்டர்தான். கப்பல் நமக்கு அந்நியமும் இல்லை. 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' 1970கள் வரை சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்கு, சிங்கப்பூர் போய் வந்தது. அதில் போனவர்களில் பெரும்பாலோர் பிழைப்புத் தேடிய எளிய மக்கள்.

அரிச்சுவடியை வேகமாக முடித்துவிடலாம். குமட்டலுக்குப் பயந்தால் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேபின் எடுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. ஜன்னல் இல்லாத உள் கேபின் மலிவு, தூங்குவதற்கு அது போதும். சாப்பாடு பெரும்பாலும் கட்டணத்தில் அடங்கும். குடிவகை, கரையில் சுற்றிக்காட்டும் பஸ், பணியாளர்களுக்கான டிப்ஸ் தனி. ஐரோப்பியத் துறைகளுக்குப் போகிறவர் பலமுறை நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் விசா வாங்க வேண்டும். நடுவில் கப்பல் மொராக்கோவின் காசாபிளாங்காவைத் தொட்டுவிட்டு ஸ்பெயினுக்குத் திரும்பினால் அது இரண்டாவது நுழைவாகிவிடும். கப்பலுக்குத் திரும்ப வேண்டிய நேரத்தைக் கையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தனியாகச் சுற்றப் போனவருக்காகக் கப்பல் காத்திருக்காது. வங்கக் கடலுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டாம். மத்தியதரைக் கடலுக்கு மே முதல் அக்டோபர் வரை நல்ல காலம். இவ்வளவுதான் அடிப்படை.

இனி விஷயத்துக்கு வருவோம். இந்தப் பயணத்தின் சாரம் கப்பலுக்குள் இல்லை. நீச்சல்குளத்தையும் பஃபேயில் அடுக்கிய இனிப்புகளையும் பத்து நிமிடம் காட்டிவிட்டு 'க்ரூஸ் அனுபவம்' என்று தலைப்பு வைக்கும் வீடியோக்காரர்கள்தான் இந்தக் கலையைக் கெடுத்தவர்கள். அவர்கள் காட்டுவது ஒரு ஓட்டலை. அதே ஓட்டல் ஏற்காட்டிலும் இருக்கிறது. கப்பல் மட்டுமே தரக்கூடியது, ஓர் ஊருக்குக் கடல்வழியாக வந்து சேர்வது. மத்தியதரைக் கடலோரத்துப் பழைய ஊர்கள் ரயிலுக்கும் விமானத்துக்கும் பல நூற்றாண்டு முன்பே எழுந்தவை. கோட்டை எங்கே, சுங்கம் எங்கே, சந்தை எங்கே என்பதையெல்லாம் கடலில் வருகிறவனை மனதில் வைத்தே தீர்மானித்தார்கள். விமானத்தில் வருகிறவர் புழக்கடை வழியாக நுழைகிறார்; கப்பலில் வருகிறவருக்குத் தலைவாசல் திறக்கிறது.

அதனால்தான் பயண அட்டவணையைப் படிக்கும்போது ஒரே ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறேன். துறைமுகங்களில் ஊர்த்துறை உண்டு, வழித்துறை உண்டு. கப்பல் நிற்கும் இடமே ஊராக இருந்தால் அது ஊர்த்துறை. ஊர் வேறெங்கோ இருக்க, அதற்குப் போகும் பஸ் கிளம்பும் இடம் மட்டும் துறைமுகமாக இருந்தால் அது வழித்துறை. விளம்பரத் தாள்கள் இந்த வேறுபாட்டை மறைத்தே பிழைக்கின்றன. 'ரோம்' என்று அச்சிட்டிருக்கும். கப்பல் நிற்பது எழுபது கிலோமீட்டர் தள்ளியுள்ள சிவிதாவெக்கியாவில். 'புளோரன்ஸ்' என்றால் லிவோர்னோ. 'பாரிஸ்' என்றால் இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் லெ ஆவ்ர். எட்டு மணி நேர நிறுத்தத்தில் பாதி நெடுஞ்சாலையில் கழியும். மாறாக, மால்டாவின் வல்லெட்டாவில் கப்பல் செயின்ட் எல்மோ, ரிக்காசோலி என்ற இரண்டு கோட்டைகளுக்கு நடுவே நுழைகிறது. 1565 முற்றுகைக்குப் பிறகு எழுப்பிய நகரம் முழுவதும் மஞ்சள் சுண்ணாம்புக் கல்லாகத் தலைக்கு மேலே நிற்கிறது. நேப்பிள்ஸில் இறங்கினால் எதிரிலேயே பழைய அரண்மனைக் கோட்டை, வலக்கைப் பக்கம் வெசூவியஸ் எரிமலை. ஸ்பெயினின் காடிஸில் கப்பல் படியிலிருந்து பழைய தெருவுக்கு நடந்தே போய்விடலாம்.

அட்லாண்டிக் பக்கம் போனால் இந்த வேறுபாடு இன்னும் நுட்பமாகிறது. மத்தியதரைக் கடலில் ஓதம் மிகக் குறைவு. அதனால் ஊர்கள் நீர்விளிம்பு வரை இறங்கி உட்கார்ந்திருக்கின்றன. அட்லாண்டிக்கில் ஓதம் பல மீட்டர் ஏறி இறங்கும், அலையும் முரடு. அங்கே ஊர்கள் ஆற்றின் முகத்துக்குள்ளோ தீவின் மறைவிலோ ஒதுங்கிக்கொண்டன. பிரான்சின் போர்தோவுக்குக் கடலிலிருந்து நூறு கிலோமீட்டர் அளவுக்கு ஆற்றிலேயே ஏற வேண்டும். இவை ஊர்த்துறையிலேயே ஒரு தனி வகை. ஆற்றுத்துறை என்று பிரித்து வைப்பேன். இதே அளவுகோலை எம்பிரஸ் போன இலங்கைத் துறைகளின் மேல் வைத்துப் பாருங்கள். 2010இல் திறந்த அம்பாந்தோட்டை சரக்குக்காக நிலத்தைக் குடைந்து கட்டியது. கதிர்காமத்துக்கும் யால காட்டுக்கும் போக அங்கே இறங்கலாம். அசல் வழித்துறை அது. காங்கேசன்துறை நடுத்தரம்: கீரிமலையும் மாவிட்டபுரமும் பக்கத்தில், யாழ்ப்பாணம் கொஞ்சம் தள்ளி. திருகோணமலைதான் முழுமையான ஊர்த்துறை. கொட்டியாரக் குடாவுக்குள் கப்பல் திரும்பும்போது செங்குத்தான பாறையின் உச்சியில் கோணேசர் கோயில் தெரியும், அதன் அடியில் கோட்டை. போர்த்துகீசியர் 17ஆம் நூற்றாண்டில் கோயிலை இடித்து அந்தக் கல்லில் கோட்டை கட்டினார்கள் என்ற வரலாறு, கடலிலிருந்து பார்த்தால் ஒரே பார்வையில் விளங்கும். கடலில் வரும் கப்பல்களைக் கண்காணிக்க நினைத்தவனுக்கு அந்தப் பாறை நல்ல இடம். தரைவழி போகிறவருக்கு அது ஒரு கோயில், ஒரு கோட்டை என்று தனித்தனி இடம்.

வந்து சேர்வதை ரசிக்க இரண்டு மணி நேரம் முன்னதாக எழுந்து மேல்தளத்துக்குப் போக வேண்டும். முதலில் சிறிய பைலட் படகு வரும். கப்பல் வேகத்தைக் குறைக்கும், நிற்காது. ஓடுகிற கப்பலின் பக்கவாட்டில் நூலேணி தொங்கும். அந்தத் துறையின் நீரோட்டம் தெரிந்த பைலட் படகிலிருந்து எட்டிப் பிடித்து ஏறி வருவார். கரையை நெருங்கியதும் நுனியில் கனமான முடிச்சுப் போட்ட மெல்லிய கயிற்றை மாலுமி வீசுவார். கரையிலிருப்பவர் அதை இழுக்க, அதில் கட்டிய தடித்த வடம் தண்ணீரிலிருந்து எழுந்து வந்து இரும்புக் குற்றியில் மாட்டும். லிஸ்பனில் இதற்கு முன்பே ஒரு விருந்து உண்டு. 1497இல் வாஸ்கோ ட காமா கிளம்பிய பெலேம் கரையைத் தாண்டி, டேகஸ் ஆற்றின் பெரிய தொங்குபாலத்தின் அடியில் கப்பல் போகும். பாலத்துக்கும் நீருக்கும் எழுபது மீட்டர் இடைவெளி; ஆனாலும் கீழே நின்று பார்த்தால் புகைபோக்கி இடிக்கப் போகிறது என்றே தோன்றும். பாலத்தின் இரும்புச் சட்டத்தில் கார்கள் ஓடும் ரீங்காரம் தளம் முழுக்கக் கேட்கும். அந்த நேரத்தில் பஃபே வரிசையில் நிற்பவருக்கு லிஸ்பன் கிடைக்கவில்லை என்றே சொல்வேன்.

அரை நாளில் ஓர் ஊரை என்ன தெரிந்துகொள்ள முடியும் என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானது. முழுசாக முடியாது. ஆனால் மூன்று நாள் ஓட்டலில் தங்கியவருக்கும் ஊர் ஏன் அந்த இடத்தில் உருவானது என்பது தெரியாமலே போகலாம். கப்பலில் வந்தவருக்கு அது முதல் மணி நேரத்திலேயே தெரிகிறது. அந்த ஒரு பதில் கையில் இருந்தால் பிறகு நடக்கும் நாலு தெருவும் பேச ஆரம்பிக்கும். 'எத்தனை நாடு பார்த்தீர்கள்' என்று எண்ணிக்கை கேட்கும் மோகத்துக்கு இதில் இடமில்லை. கப்பல்கள் ஊர்களை நசுக்குகின்றன என்ற குற்றச்சாட்டு இன்னும் கனமானது, அதை மறுக்க மாட்டேன். 2021 ஆகஸ்டில் இத்தாலி அரசு பெரிய கப்பல்களை வெனிஸின் உள்கால்வாயிலிருந்து விலக்கியது சரியான முடிவு. குரோஷியாவின் துப்ரோவ்னிக் கப்பல் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தியதும் சரி. இதிலிருந்து நான் எடுக்கும் பாடம், கப்பலே வேண்டாம் என்பதல்ல. சிறிய கப்பலைத் தேடுங்கள், கூட்டம் குறைந்த துறையைத் தேடுங்கள். இருபது தள ராட்சதக் கப்பலிலிருந்து வல்லெட்டாவைக் குனிந்துதான் பார்க்க வேண்டியிருக்கும். கோட்டை நம்மை அண்ணாந்து பார்க்க வைக்க வேண்டும். 1990இல் பிரான்சில் கட்டிய எம்பிரஸை 'பழைய கப்பல், சின்னக் கப்பல்' என்று மட்டம் தட்டும் விமர்சகர்களுக்கும் இதுவே பதில்.

பணம்தான் தடை என்றால், உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். சொகுசை விட்டுவிடுங்கள். சென்னையிலிருந்து அந்தமானுக்கு அரசுப் பயணிகள் கப்பல் போகிறது. ஏறக்குறைய மூன்று நாள் கடல். அடுக்குப் படுக்கை கொண்ட பங்க் வகுப்புக் கட்டணத்தைச் சொகுசுக் கப்பலோடு ஒப்பிடவே வேண்டாம். அதில் நீச்சல்குளம் கிடையாது, கழிவறை சுமார், சாப்பாடு சாதாரணம். ஆனால் மூன்றாம் நாள், முன்பு ராஸ் எனப்பட்ட தீவைக் கடந்து போர்ட் பிளேருக்குள் கப்பல் திரும்பும்போது கிடைப்பது அசல் ஊர்த்துறை. இப்போது ஸ்ரீவிஜயபுரம் என்று பெயர் மாறியிருக்கும் அந்த ஊரில் துறையும் மேடும் சிறைச்சாலையும் ஏன் அப்படி அமைந்தன என்பது அங்கேயே புரியும். முதலில் அதில் போய்ப் பாருங்கள். நுழைகிற அந்த நேரம் உங்களைப் பிடித்துக்கொண்டால் திருகோணமலைக்குப் பருவம் விசாரியுங்கள், பிறகு காசு சேர்த்து லிஸ்பனுக்கும் வல்லெட்டாவுக்கும் போங்கள். பிடிக்கவில்லை என்றால் லட்சம் ரூபாய் கொடுத்து எந்தக் கப்பலில் ஏறினாலும் பிடிக்காது. அந்தப் பணத்துக்கு ஏற்காட்டிலேயே நல்ல அறை கிடைக்கும்.