சுண்டுவிரல்

வடக்குப்பட்டிலிருந்து ஒரகடத்து ஆலைக்கு வேலைக்குப் போகும் பெண் ஒருத்தி சொன்னாள்: லைனில் வாய் திறந்து கேட்பதில்லை. மெஷின் சத்தம், முகத்தில் மாஸ்க் வேறு. சுண்டுவிரலை உயர்த்துவாள், சூப்பர்வைசர் தலையாட்டினால் கழிப்பறைக்குப் போகலாம். ஒன்றாம் வகுப்பில் கற்ற சைகை. இருபத்திரண்டு வயதிலும் அதையேதான் காட்டுகிறாள்.

அதே விரலுக்கு ஜப்பானில் வேறு பொருள். அங்கே ஓர் ஆண் சுண்டுவிரலை மட்டும் நிமிர்த்திக் காட்டினால் காதலி, வைப்பாட்டி என்று அர்த்தம். சீனாவிலோ மட்டம், தரமில்லை என்பதற்கு. வெளிநாட்டாரோடு வேலை செய்கிறவர்களுக்கான கையேடுகள் இப்படித்தான் பட்டியல் போடும். கட்டைவிரலை உயர்த்தாதே, கிரேக்கத்தில் அது வசவு. உள்ளங்கையை மேலே காட்டிக் கூப்பிடாதே, கொரியாவில் நாயை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

எல்லாம் சரிதான். ஆனால் இந்தக் கையேடுகளில் வரும் மனிதருக்கு நாடு மட்டுமே உண்டு. பால் கிடையாது, பதவி கிடையாது. டெஸ்மண்ட் மோரிஸும் மூன்று சக ஆய்வாளர்களும் 1979இல் வெளியிட்ட நூல், 20 சைகைகளை 40 இடங்களில் விசாரித்து, ஊருக்கு ஊர் பொருள் மாறுவதைக் காட்டியது. மதிப்புள்ள உழைப்பு. ஆனால் யார் யாரிடம் அந்தச் சைகையைக் காட்ட வேண்டியிருக்கிறது என்பது நாடுவாரியான பட்டியலில் ஏறாது.

சுண்டுவிரலையே பாருங்கள். மேனேஜர் அதை யாரிடமும் காட்டுவதில்லை, எழுந்து போய்விடுகிறார். ஜப்பானியச் சைகையில் பெண் விரலைக் காட்டுகிறவளே அல்ல. அந்த விரல் சுட்டும் பொருள் அவள். பட்டியலில் இவை இரண்டும் வெவ்வேறு பண்பாடுகள். எனக்கு அவ்வளவு தூரமாகத் தெரியவில்லை.

ஆலையில் இருக்கும் நேரமெல்லாம் தொழிலாளர் கழிப்பறையைப் பயன்படுத்த முடிய வேண்டும் என்றது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 19ஆம் பிரிவு. விரல் உயர்த்தச் சொல்லவில்லை. ஆனால் லைன் நிற்காது. மாற்று ஆள் வந்தால்தான் இடத்தை விட்டு நகர முடியும். அதனால் ஷிஃப்டுக்கு முன் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டிருக்கிறாள். மாதவிலக்கு நாட்களுக்கென்று வேறு விரல் கிடையாது. அதே சுண்டுவிரல்தான், இரண்டு தடவை, மூன்று தடவை. மூன்றாவது தடவை சூப்பர்வைசர் தன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுவாராம்.

அவர் எந்த நாட்டுக்காரர் என்று கேட்டேன்.

“நம்ம ஊரு ஆளுதாங்க்கா” என்றாள்.