இணைய வாசலில் ஓர் இடறுகட்டை

அண்மையில் இராமேசுவரத்தில் ஒரு விடுதியில் நான்கு நாட்கள் தங்க நேர்ந்தது. அறையில் வை-ஃபை வசதி உண்டு என்றார்கள். ஆனால் கைபேசியை இணைத்ததும் இணையம் வரவில்லை. ஒரு பக்கம் வந்தது. கைபேசி எண்ணைக் கொடு, குறுஞ்செய்தியில் வரும் இரகசிய எண்ணை இடு என்றது. நாங்கள் ஐவர், கருவிகள் ஏழு. ஒவ்வொன்றுக்கும் இதே சடங்கு. மறுநாள் காலையில் மீண்டும் முதலிலிருந்து! கையோடு கொண்டு சென்றிருந்த சிறு ரௌட்டரை இடையில் வைத்த பிறகே தொல்லை ஓய்ந்தது. அது எவ்வாறு ஓய்ந்தது என்று ஆராய்ந்தால், இந்த ஏற்பாட்டின் பலவீனமும் விளங்கிவிடும்.

நடுவழியில் பிரிக்கப்படும் கடிதம்

பாம்பனிலிருந்து மதுரைக்கு ஒரு கடிதம் அனுப்புகிறீர்கள். உள்ளூர்த் தபால் நிலையம் அதை நிறுத்தி வைத்துக்கொண்டு, மதுரைக்காரரே எழுதியதுபோல், "முதலில் தபால் நிலையத்தில் கையெழுத்திட்டு வாருங்கள்" என்று பதில் அனுப்புகிறது. உள்நுழைவுப் பக்கம் செய்வது இதையேதான். நீங்கள் கேட்ட தளத்தின் பெயரில் நுழைவுக் கருவியே பதில் சொல்லி, உங்களைத் தன் பக்கத்துக்குத் திருப்பிவிடுகிறது.

ஆனால் இன்று பெரும்பாலான தளங்கள் எச்.டி.டி.பி.எஸ். என்னும் பாதுகாப்பு முறையில் இயங்குகின்றன. இது கடிதத்துக்கு அரக்கு முத்திரை இடுவது போன்றது. நுழைவுக் கருவியால் அந்த முத்திரையைப் போலியாக இட முடியாது. ஆகவே உலாவி எச்சரிக்கிறது. அல்லது பக்கமே வராமல் நின்றுவிடுகிறது. இதைச் சமாளிக்கவே, ஆண்ட்ராய்டு கைபேசி இணைந்தவுடன் முத்திரையற்ற ஒரு சோதனைக் கேள்வியை அனுப்புகிறது. வெற்றுப் பதில் வர வேண்டிய இடத்தில் வேறு ஏதேனும் வந்தால், "இங்கே வாசல் இருக்கிறது" என்று உணர்ந்து உள்நுழைவுப் பக்கத்தைத் திறக்கிறது.

ரௌட்டர் நுழைவது எப்படி?

ரௌட்டருக்குத் திரை இல்லை, உலாவியும் இல்லை. ஆனால் அதனை வெளி வை-ஃபையுடன் ஒரு கைபேசியைப்போல இணையச் செய்து, மறுபுறம் தனக்கென ஒரு வை-ஃபையை உண்டாக்கச் செய்யலாம். பிறகு நம் கைபேசியை ரௌட்டரில் இணைத்து, மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு, ஒரு பக்கத்தைக் கேட்க வேண்டும். அந்தக் கேள்வி ரௌட்டரின் பெயரிலேயே வெளியே செல்லும். திரும்பி வரும் உள்நுழைவுப் பக்கத்தை நாம் கைபேசியில் நிரப்பினால், நுழைவுக் கருவி தன் ஏட்டில் குறித்துக்கொள்வது ரௌட்டரின் மேக் முகவரியை, அதாவது 48 பிட் கொண்ட வன்பொருள் எண்ணை. அதன்பின் ரௌட்டருக்குப் பின்னால் உள்ள கருவிகள் அனைத்தும் அந்த ஒரே அனுமதியில் செல்கின்றன.

இரு எச்சரிக்கைகள்: வெளியிலும் உள்ளேயும் ஒரே முகவரித் தொடர் இருந்தால் குழப்பம் நேரும், உள் தொடரை மாற்றிவிட வேண்டும். மேலும், இடத்துக்கு உரியவரின் அனுமதி பெறாமல் இதைச் செய்தல் முறையன்று. நான் விடுதி வரவேற்பாளரிடம் கேட்டுக்கொண்டே செய்தேன்.

குறை எங்கே?

ஆளை அறியும் தேவையை நாம் மறுக்கவில்லை. 2008ஆம் ஆண்டு அகமதாபாத் குண்டுவெடிப்பின்போது, பூட்டப்படாத ஒரு வை-ஃபை வழியாக மிரட்டல் அஞ்சல் அனுப்பப்பட்டது. 2009இல் தொலைத்தொடர்புத் துறை பொது வை-ஃபைக்குக் கட்டுப்பாடுகளை விதித்தது. ஆனால் இந்தப் பக்கம் உண்மையில் அறிவது யாரை? ஆளையல்ல, ஒரு கருவியின் எண்ணை. அந்த எண்ணை நகல் செய்வது கடினமன்று. இன்றைய கைபேசிகளோ தனியுரிமை கருதித் தாமாகவே அதை மாற்றிக்கொள்கின்றன. விளைவு, திருடனைத் தடுக்காத பூட்டு வீட்டுக்காரரைத் திரும்பத் திரும்ப வாசலில் நிறுத்துகிறது.

அதைவிடப் பெரிய குறை, "எல்லோரிடமும் ஓர் இந்தியக் கைபேசி எண் கையிலேயே இருக்கும்" என்னும் அனுமானம். தங்கச்சிமடத்தில் ஒரு மீனவர் வீட்டை எண்ணிப் பாருங்கள். வீட்டுக்கு ஒரே எண். அது தந்தையுடன் கடலுக்குப் போய்விட்டது. மகள் தேர்வுக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தால், இரகசிய எண் கரைக்கு அப்பால், அலைவரிசை எட்டாத படகைத் தேடிச் செல்லும். வெளிநாட்டிலிருந்து இராமநாத சுவாமியைத் தரிசிக்க வருபவருக்கும் இதே கதிதான். மண்டபம் கடற்கரையில் கடல்நீரின் வெப்பத்தை அளந்து அனுப்பும் ஒரு கருவியை வைத்தால், அது எந்தப் பக்கத்தை நிரப்பும்?

மற்றோர் ஆபத்தும் உண்டு. உள்நுழைவுப் பக்கம் இருப்பதாலேயே வானலை பாதுகாப்பானது என்று பலர் நம்புகின்றனர். கடவுச்சொல் இல்லாத திறந்த வை-ஃபையாயின், பக்கத்தை நிரப்பிய பின்னும் அது திறந்ததே. அதே பெயரில் போலி வை-ஃபை ஒன்றை வைத்து, அதே போன்ற பக்கத்தைக் காட்டி எண்களைப் பறிக்கவும் முடியும். முன்பின் அறியாத பக்கத்தில் விவரங்களை எழுதும் பழக்கத்தை மக்களுக்குக் கற்பித்தது யார்?

செய்யத்தக்கவை

மாற்று வழிகள் உள்ளன. உள்நுழைவுப் பக்கத்தின் முகவரியை, இணையும்போதே வலையமைப்பு நேர்மையாகச் சொல்லிவிடும் முறை 2020இல் தரப்படுத்தப்பட்டது; கடிதத்தைப் பிரிக்க வேண்டியதில்லை. உலகின் பல பல்கலைக்கழகங்களில் இயங்கும் எடுரோம் முறையில், மாணவர் தம் கல்லூரிக் கணக்கைக் கொண்டு வேறு நாட்டிலும் பக்கம் எதுவுமின்றி இணைகிறார். வானலையும் மறையாக்கம் பெறுகிறது.

சிறு விடுதிகள்கூட உடனே செய்யக்கூடியவை சில: அறைக்கு ஒரு அனுமதிச் சீட்டு எண்; தங்கும் நாள்வரை செல்லும் அனுமதி; பக்கத்தில் தமிழ் எழுத்து. இவற்றுக்குப் பெரும் செலவு ஏதுமில்லை.

வாசலில் காவலர் நிற்கலாம்; வருபவர் யார் என்றும் கேட்கலாம். ஆனால் கேட்ட கேள்வியையே நாள்தோறும் கேட்டு, கைபேசி இல்லாதவரை மட்டும் திருப்பி அனுப்பும் காவலரால் வீட்டுக்குப் பயன் என்ன?