கணக்கில் விடுபட்ட வாயு

ஜெர்மனியில் வடிகால் வெட்டிக் காயவைத்த பீட் சதுப்புகளை, அதாவது பாதி மக்கிய தாவரங்கள் படிந்த ஈரநிலங்களை, மறுபடி நனைப்பது இன்று நாடு தழுவிய வேலைத்திட்டமாகிவிட்டது. 2021இல் சதுப்பு ஆய்வாளர் ஹான்ஸ் யோஸ்டனுக்கு ஜெர்மன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. அடுத்த ஆண்டே மத்திய அரசு சதுப்புப் பாதுகாப்புக்கான தேசிய உத்தியை ஏற்றது. இரண்டும் தகுதியானவை. ஆனால் இந்த உற்சாகத்தின் நிழலில் ஒரு வாதம் கேள்விக்கு ஆளாகாமல் நிலைத்துவருகிறது. சதுப்பு மீட்புக்காக விற்கப்படும் கார்பன் சான்றிதழ்களில் (தவிர்க்கப்பட்ட உமிழ்வை டன் கணக்கில் விற்கும் பத்திரங்களில்) நைட்ரஸ் ஆக்சைடு என்ற வெப்பமேற்றும் வாயுவைச் சேர்க்காமல் விட்டதில் குற்றம் ஒன்றுமில்லை, நன்மையைக் குறைத்துச் சொல்கிறோமே தவிர மிகைப்படுத்தவில்லை என்கிறார்கள். இதை நான் நெடுநாளாக மறுத்துவருகிறேன்.

2011இல் மெக்லென்பூர்க்-ஃபோர்பொம்மர்ன் மாநிலத்தில் தொடங்கிய மூர்ஃபியூச்சர்ஸ் சான்றிதழ்தான் இம்முறைக்கு முன்னோடி. நிலத்தில் வளரும் செடிகளையும் நீர்மட்டத்தையும் பார்த்து, அங்கிருந்து எவ்வளவு கரியமில வாயுவும் மீத்தேனும் கிளம்பும் என்று கணிக்கிறார்கள். செலவு குறைவு, பணம் கொடுத்தவர் எந்தச் சதுப்புக்குக் கொடுத்தோம் என்று நேரில் போய்ப் பார்த்துவரலாம். நைட்ரஸ் ஆக்சைடு இந்த முறைக்குள் அடங்காது என்பதும் உண்மை. ஒரு மழைக்குப் பின், ஓர் உரமிடலுக்குப் பின், உறைபனி இளகும் சில நாட்களில் அது திடீரென்று பொங்கும், பிறகு அடங்கிவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வைக்கும் அளவைப் பெட்டியில் அது சிக்காமலே போகலாம். செடியைப் பார்த்தும் சொல்ல முடியாது. இதுவரை எனக்கு உடன்பாடே.

ஆனால் அளக்க முடியாத ஒன்றை விட்டுவிடுவது என்றால் அதன் இடத்தில் பூஜ்யம் எழுதுவது என்றே பொருள். அந்தப் பூஜ்யத்துக்கு ஆதாரம் எங்கே? மிதவெப்ப, குளிர்ப் பகுதிகளில் வடிகாலிட்டு உழும் பீட் வயலுக்கு ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐபிசிசி 2013இல் வெளியிட்ட ஈரநிலத் துணைநூல் தரும் அளவு, ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 13 கிலோ நைட்ரஸ் ஆக்சைடு-நைட்ரஜன் (வாயுவிலுள்ள நைட்ரஜனின் எடை மட்டும்). அதன் 95 விழுக்காட்டு நம்பக எல்லை 8.2 முதல் 18 வரை. அகலமான எல்லைதான். ஆனால் பூஜ்யம் அதற்குள் இல்லை, அதன் அருகில்கூட இல்லை. எச்சரிக்கையாகக் கணக்கிட விரும்புகிறவர் கீழெல்லையை எடுத்துக்கொள்வார். 8.2 கிலோ என்றாலே வாயுவாக அது ஏறத்தாழ 12.9 கிலோ, நூறாண்டு வெப்பமேற்றும் திறன் 273ஆல் பெருக்கினால் 3.5 டன் கரியமில வாயுவுக்குச் சமம். ஐம்பதாண்டுத் திட்டத்தில் ஒரு ஹெக்டேருக்கு 175 டன். டன் 50 யூரோ என்று வைத்துக்கொண்டால் 8,750 யூரோ. வயலை நனைக்க ஒப்புக்கொள்ளும் உழவரின் கைக்கு வந்திருக்கக்கூடிய இந்தத் தொகையைத்தான் ‘குற்றமில்லாத’ விடுபடல் என்கிறார்கள்.

இந்த வாயு எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பவேரியாவின் டோனாவ்மோஸ் பகுதி பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து வடிக்கப்பட்ட சதுப்பு. இன்று உருளைக்கிழங்குக்குப் பேர்பெற்றது. லுட்விக்ஸ்மோஸில் 1836இல் ஊன்றிய கம்பத்தை வைத்துப் பார்த்தால் நிலம் ஏறத்தாழ மூன்று மீட்டர் இறங்கியிருக்கிறது. அமுங்கியது போக மீதி மக்கிக் காற்றோடு போயிற்று. போனது கரி மட்டுமல்ல, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பீட்டில் அடைபட்டிருந்த தழைச்சத்தும்தான். காற்றுப் பட்ட மண்ணில் நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக்குகின்றன. மண் முழுக்க நீரில் மூழ்கியிருந்தால் அந்த நைட்ரேட் தீங்கற்ற நைட்ரஜனாகவே முடியும்; அரைகுறை ஈரத்தில் மாற்றம் நடுவழியில் நின்று நைட்ரஸ் ஆக்சைடாக வெளியேறுகிறது. அப்படி வெளியேறியது நூறாண்டுக்கு மேல் வானில் இருக்கும், ஓசோன் படலத்தையும் அரிக்கும்.

இங்கேதான் அந்த வாதம் முழுதாகக் கவிழ்கிறது. நிலத்தை முழுமையாக நனைத்தால் மட்டுமே விடுபடல் எச்சரிக்கையானது. இன்று பரவும் விருப்பமோ பாதி நனைப்பு: நீர்மட்டத்தைச் சற்றே உயர்த்தி, மேய்ச்சலையும் உரத்தையும் தொடர்வது. ஆழமற்ற வடிகாலுள்ள புல்தரைக்குச் சராசரி அளவு 1.6 கிலோதான் என்று காட்டுவார்கள். ஆனால் உரமிட்ட நிலத்தில் கோடைக்கு இறங்கி மழைக்கு ஏறும் நீர்மட்டம் நைட்ரஸ் ஆக்சைடுக்கு மிக உகந்த சூழல். அங்கே உமிழ்வு கூடினாலும் இந்தச் சான்றிதழின் கண்ணில் படாது. அப்போது அது நன்மையைக் குறைத்துச் சொல்லும் கணக்காக இருக்காது, பொய்க் கணக்காகிவிடும்.

இன்னொரு கேடு, எந்த நிலம் முதலில் என்ற கேள்வியில். உழும் பீட் வயலையும் சத்துக் குறைந்த புல்தரையையும் ஒப்பிட்டால் அதே துணைநூலில் ஹெக்டேருக்கு ஆண்டுக்குக் கரியமில வாயுவாக வெளியேறும் கரி 7.9 டன்னும் 5.3 டன்னும்; ஒன்றரை மடங்கு. நைட்ரஸ் ஆக்சைடில் 13 கிலோவும் 4.3 கிலோவும், மூன்று மடங்கு. வயலை மீட்பதற்கான வலுவான நியாயத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் பணம் எங்கே போகும்? மலிவாகக் கிடைக்கும், ஏற்கெனவே ஈரமான புல்தரைக்குத்தான் போகும். டோனாவ்மோஸ் போன்ற உருளைக்கிழங்கு வயல்கள் இன்னும் கொஞ்சம் இறங்கிக்கொண்டே இருக்கும்.

அளக்க முடியாது என்ற சாக்கை ஜெர்மனியே ஏற்கவில்லை. பிரவுன்ஷ்வைக் நகரின் தூனென் நிறுவனம் நாட்டின் அளவீடுகளைத் திரட்டி, வடிகாலிட்ட கரிம மண்ணின் நைட்ரஸ் ஆக்சைடைத் தேசிய உமிழ்வுக் கணக்கில் சேர்க்க உதவுகிறது. அரசு ஐக்கிய நாடுகள் அமைப்புக்கு அனுப்பும் கணக்கில் இருக்கும் வாயு, அதே நிலத்துக்கு விற்கும் சான்றிதழில் இல்லை.

இதைத் திருத்தப் புதிய கருவியோ புதிய ஆய்வோ வேண்டாம். திட்டம் தொடங்குமுன் நிலம் வயலா, புல்தரையா என்று பதிவுசெய்து, அதற்குரிய நம்பக எல்லையின் கீழ் எண்ணைச் சான்றிதழில் எழுதினால் போதும். நீர்மட்டம் அரைகுறையாக நிற்கும் திட்டங்களுக்கு அந்தச் சலுகையைக் கொடுக்கக் கூடாது; அங்கே உமிழ்வு கூடவில்லை என்று காட்டும் பொறுப்பு விற்பவருடையது.