அரை ஷிப்டின் விலை

புதிய கால்பந்து அணி எதுவானாலும் கூட்டம் சேர்க்க முதலில் கைவைப்பது டிக்கெட் விலையில்தான். இதில் நியாயம் இருக்கிறது. காலியாகக் கிடக்கும் இருக்கையில் கூடுதலாக ஒருவர் உட்காருவதால் அணிக்குச் செலவில்லை. நிறைந்த கேலரியைக் காட்டித்தான் விளம்பரதாரரிடம் பேச முடியும். 500 ரூபாய் வரையிலான விளையாட்டு டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டியும் கிடையாது. ஆனால் திருப்பூர்க்காரர் ஆட்டம் பார்க்கக் கொடுக்கும் விலையில் டிக்கெட்டின் பங்கு சிறியது. உதாரணத்துக்கு, சென்னை சிட்டி எஃப்சி 2017-18 சீசனில் கோவை நேரு ஸ்டேடியத்துக்கு இடம்பெயர்ந்தது. 2019 மார்ச் 9 அன்று அங்கேயே மினர்வா பஞ்சாபை 3-1 என வென்று ஐ-லீக் கோப்பையையும் கைப்பற்றியது. திருப்பூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர்தான். ஆனால் அன்று சனிக்கிழமை. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளம் போடும் நாள். ஒன்றரை ஷிப்ட் ஓட்டும் டெய்லர் மாலை ஆட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் அரை ஷிப்ட் கூலியை விடவேண்டும், பஸ் கட்டணம் தனி. அந்தக் கணக்கில் டிக்கெட் ஐம்பது ரூபாயா நூறு ரூபாயா என்பது பெரிய விஷயமே இல்லை.

அப்படியானால் இலவசமாகவே கொடுத்துவிடலாமே என்பார்கள். ஓசி பாஸ் வாங்கியவர் வராமல் போனாலும் அவருக்கு நஷ்டமில்லை. யார் உண்மையான ரசிகர் என்பதும் அணிக்குத் தெரியாது. பிறகு விலை வைக்கும்போது, நேற்றுவரை சும்மா கிடைத்ததற்கு இன்று எதற்குக் காசு என்ற கேள்வி வரும். ஏற்றுமதி நிறுவனங்களே டிக்கெட்டை மொத்தமாக வாங்கித் தொழிலாளருக்குக் கொடுக்கலாம் என்ற யோசனை இதைவிட மேல், பணமாவது வரும். ஆனாலும் முதலாளி கொடுத்த சீட்டில் வருபவர் கம்பெனியின் விருந்தாளி. அடுத்த ஆட்டத்துக்கு அவரே வருவார் என்பதற்கு உத்தரவாதமில்லை. சிறு தொகையாவது அவர் பையிலிருந்து போவது நல்லது.

விலையைக் குறைப்பதில் காட்டும் அக்கறையை நேரத்திலும் பயணத்திலும் காட்டினால் பலன் அதிகம். ஜெர்மனியின் பல புண்டெஸ்லிகா அணிகளின் டிக்கெட்டே உள்ளூர் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் செல்லும். சேப்பாக்கத்தில் ஐபிஎல் டிக்கெட்டைக் காட்டி மெட்ரோவில் இலவசமாகப் பயணித்ததும் இதே வழிதான்.  அதேபோல் திருப்பூரிலிருந்து அணியே பஸ் விடலாம் என்றால், வாடகை கட்டுப்படியாகாது என்ற மறுப்பு வரும். ஆனால் ஞாயிறு மாலை ஆட்டமும், போக்குவரத்தைச் சேர்த்து நூற்றைம்பது ரூபாய்ச் சீட்டும், ஐம்பது ரூபாய் வெறும் சீட்டைவிட அந்த டெய்லருக்கு மலிவு. வண்டிச் செலவில் ஒரு பங்கும் அந்தக் கூடுதல் நூறு ரூபாயிலேயே திரும்பிவிடும்.