களத்தில் நிற்காத டிராகன்

2025 பிப்ரவரியில் 'ப்ளூ-ஐஸ் ஒயிட் டெஸ்டினி' என்ற ஆயத்த டெக்கைக் கொனாமி நிறுவனம் ஆங்கிலத்தில் கொண்டுவந்தது. அன்றிலிருந்து யூ-கி-ஓ கார்டு விளையாட்டை ஆடுகிறவர்கள் ஒரு வாதத்தை மறுபேச்சுக்கு இடமில்லாத உண்மைபோலச் சொல்லி வருகிறார்கள். பழைய மான்ஸ்டர்கள் திரும்பிவிட்டன, சின்ன வயதில் டி.வி.யில் பார்த்து ஆசைப்பட்ட டிராகனை வைத்தே இன்றைக்குப் போட்டியில் மேலே வரலாம், ரசிகனுக்கு இதைவிடப் பெரிய மரியாதை வேறில்லை என்கிறார்கள். டார்க் மெஜிஷியன், ரெட்-ஐஸ், எக்ஸோடியா என்று யூ-கி-ஓ கதையின் தொடக்ககால முகங்களுக்குச் சில வருடத்துக்கு ஒருமுறை புதிய சப்போர்ட் கார்டுகள் வருவதும், ஒவ்வொரு முறையும் இதே பேச்சு எழுவதும் வழக்கமாகிவிட்டது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. இப்போது கட்டப்படும் இந்த டெக்குகளில் பழைய மான்ஸ்டரின் பெயர் இருக்கிறது, ஓவியம் இருக்கிறது. ஆட்டத்தை ஆடுவது மட்டும் வேறு கார்டுகள்.

ஆயத்த டெக்காக விற்கும் இந்த முறையின் நன்மைகளை நான் மறுக்கவில்லை. ஒரே பெட்டியை மூன்று வாங்கினால் டெக்கின் பெரும்பகுதி கைக்கு வந்துவிடுகிறது. ஒற்றைக் கார்டுக்கே ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் சந்தையில் இது சின்ன விஷயமில்லை. பல வருடங்களாக ஆட்டத்தை விட்டுப் போயிருந்தவர்கள், தெரிந்த முகம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே வர முடிகிறது. 2022 ஜனவரியில் வெளியான 'மாஸ்டர் டூயல்' என்ற யூ-கி-ஓ டிஜிட்டல் ஆட்டம் இலவசம். கார்டுக் கடையைத் தேடி அலையாமல், எண்ணூரிலோ திருவொற்றியூரிலோ வீட்டில் இருந்தபடியே போனில் இந்த டெக்கைக் கட்டிவிடலாம். எல்லாம் சரிதான். ஆனால் இவை விற்பனை முறையின் நன்மைகள். ஆட்டமாக இது எப்படி இருக்கிறது என்று கேட்டால் இவற்றில் எதுவும் பதிலாகாது.

ப்ளூ-ஐஸ் ஒயிட் டிராகன் முதலில் என்னவாக இருந்தது என்பதை மறந்துவிட்டுப் பேசக்கூடாது. லெவல் 8, தாக்குதல் 3000, தற்காப்பு 2500. அதைக் களமிறக்க இரண்டு மான்ஸ்டரைப் பலி கொடுக்க வேண்டும். இறங்கியபின் எந்தச் சிறப்புத் திறனும் கிடையாது. நிற்கும், அடிக்கும், அவ்வளவுதான். அந்தக் கார்டின் அர்த்தம் முழுவதும் அந்த நிற்பதில் இருந்தது. எதிரில் உட்கார்ந்திருப்பவன் 3000 என்ற எண்ணைப் பார்த்து அதை எப்படித் தாண்டுவது என்று யோசிக்க வேண்டும். நம் ஊர் ஃபேன்சி ஸ்டோர்களில் போலி கார்டு வாங்கி, விதி தெரியாமல் எண்ணுக்கு எண் வைத்து ஆடிய பிள்ளைகளுக்கும் அந்த அளவுக்கு விஷயம் புரிந்துதான் இருந்தது. அவர்கள் மனதில் பதிந்த டிராகன் எதிராளிக்கு முன்னால் நின்ற டிராகன். அந்த நினைவைக் காட்டித்தான் இன்றைய பெட்டி விற்கப்படுகிறது. எனவே அந்த நினைவுக்கு டெக் என்ன செய்கிறது என்று கேட்பதும் நியாயம்தான்.

முதலில் 2016-ஐ எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் நடந்த உலகப் போட்டியில் ஜப்பானின் சுன்சுகே ஹியாமா ப்ளூ-ஐஸ் டெக்கை வைத்துக் கோப்பையை வென்றார். பழைய மான்ஸ்டர்களைக் கொண்டாடுகிறவர்கள் இன்றும் முதலில் காட்டும் சான்று இதுதான். அந்த டெக்கின் உயிர்நாடி 'ப்ளூ-ஐஸ் ஆல்டர்நேட்டிவ் ஒயிட் டிராகன்' என்ற புதிய கார்டு. அது வேலை செய்யும் விதத்தைக் கவனியுங்கள். கையில் பழைய டிராகன் இருக்கிறது என்று எதிராளியிடம் எடுத்துக் காட்டினால் போதும், புதியது பலியே இல்லாமல் களத்துக்கு வந்துவிடும். அதே 3000, அதே 2500. களத்தில் அதன் பெயரும் ப்ளூ-ஐஸ் ஒயிட் டிராகன் என்றே கொள்ளப்படும். அதற்கு மேல், தான் தாக்காமல் இருந்தால் எதிராளியின் மான்ஸ்டர் ஒன்றை அழித்துவிடும் திறனும் உண்டு. பழைய டிராகன் கையிலேயே இருக்கிறது, அதன் பெயரைப் போட்டுக்கொண்டு வேறொன்று சண்டைக்குப் போகிறது. அந்தக் கோப்பையை வென்றது எந்த டிராகன் என்பதை வெற்றியைக் கொண்டாடுகிறவர்கள் ஒருமுறையாவது கேட்டிருக்க வேண்டும்.

2025-இன் டெக்கில் பழைய டிராகன் களத்துக்கு வருகிறது என்பது உண்மை. ஆனால் எதற்காக வருகிறது? 'சேஜ் வித் ஐஸ் ஆஃப் ப்ளூ', 'மெய்டன் ஆஃப் ஒயிட்' போன்ற லெவல் 1 டியூனர்கள் ஆட்டத்தைத் திறக்கின்றன. ஒன்று இன்னொன்றைத் தேடி எடுத்துவர, சங்கிலி நீளுகிறது, நடுவில் எங்கோ ஒயிட் டிராகன் இறங்குகிறது. இறங்கியதும் அதன் லெவல் எட்டும் டியூனரின் லெவல் ஒன்றும் கூடி ஒன்பதாகி, 'ப்ளூ-ஐஸ் ஸ்பிரிட் டிராகன்' என்ற சின்க்ரோ மான்ஸ்டருக்குள் அது கரைந்துபோகிறது. எதிராளியின் முறையில் அவனைத் தடுப்பது இந்த ஸ்பிரிட் டிராகன்தான். பயன்படுத்திய கார்டுகள் போய்ச்சேரும் கிரேவ்யார்டிலிருந்து கிளம்பும் திறன்களை அது முறியடிக்கிறது, ஒரே நேரத்தில் இரண்டு மான்ஸ்டர்களைக் களமிறக்க விடாமல் நிறுத்துகிறது. வேண்டும்போது தன்னையே கொடுத்து இன்னொரு சின்க்ரோ டிராகனை வரவழைக்கிறது. எதிராளி யோசிப்பதும் அஞ்சுவதும் அதைப் பற்றித்தான். ஒயிட் டிராகன் அவனுக்குக் கடந்துபோகும் ஒரு படி. இது சப்போர்ட்டே இல்லை. கச்சாப்பொருள் வழங்கும் வேலையைப் பழைய கார்டுக்குக் கொடுத்துவிட்டு, அதைக் கௌரவம் என்று அழைக்கிறார்கள்.

'ட்ரூ லைட்' கார்டைச் சிலர் எதிர்வாதமாகச் சொல்வார்கள். அது ஒயிட் டிராகனைக் கையிலிருந்தோ கிரேவ்யார்டிலிருந்தோ களத்துக்குக் கொண்டுவருகிறது, பாதுகாப்பும் தருகிறது. கார்டில் எழுதியிருப்பதைப் பார்த்தால் நல்ல கார்டுதான். டெக்கோடு சேர்த்துப் பார்த்தால் வேறு விதமாகத் தெரிகிறது. அப்படித் திரும்பி வரும் டிராகன் பெரும்பாலும் அடுத்த சின்க்ரோவுக்கான எட்டு லெவலாகவே கணக்கில் எடுக்கப்படுகிறது. கார்டு அதை நிறுத்தப் பார்க்கிறது, டெக் அதை உருக்கிவிடுகிறது. அதே சமயத்தில் வந்த 'ப்ரிமைட்' வரிசையைப் பற்றி இவ்வளவு கடுமையாகச் சொல்ல மாட்டேன். சிறப்புத் திறன் இல்லாத சாதாரண மான்ஸ்டர்களுக்கு மதிப்புக் கொடுத்து எழுதப்பட்ட வரிசை அது. எதிர்காலத்தில் போக வேண்டிய திசையின் ஒரு கோடு அதில் தெரிகிறது.

இந்தப் போக்கின் மிக மோசமான முடிவு 'ரெட்-ஐஸ் டார்க் ட்ரகூன்'. டார்க் மெஜிஷியனும் ரெட்-ஐஸ் ப்ளாக் டிராகனும் சேர்ந்து உருவாகும் இந்த ஃப்யூஷன் மான்ஸ்டரைக் கார்டின் திறன்களால் குறிவைக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. கதையின் இரண்டு நண்பர்களின் அடையாள மான்ஸ்டர்கள் ஒன்றாகிற கார்டு இது. ஆனால் நடந்தது என்ன? 'ப்ரெடாப்ளான்ட் வெர்ட்டே அனகோண்டா' என்ற லிங்க் மான்ஸ்டர் 2000 உயிர்ப்புள்ளியைக் கொடுத்து, டெக்கில் இருக்கும் 'ரெட்-ஐஸ் ஃப்யூஷன்' வேலையைத் தானே செய்துவிடும். அந்த ஃப்யூஷனுக்கான இரண்டு மான்ஸ்டர்களும் டெக்கிலிருந்து நேராகக் கிரேவ்யார்டுக்குப் போய்விடும். ஆகவே டார்க் மெஜிஷியனோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத டெக்குகள் அவரைச் சேர்த்துக்கொண்டன. அவர் கைக்கு வந்துவிட்டால் அது துரதிர்ஷ்டம். ஐந்து கார்டில் ஒன்று அந்த ஃப்யூஷனைத் தவிர வேறெதற்கும் உதவாது. விளையாட்டின் முகமாக இருந்த மந்திரவாதி கைக்கு வரவே கூடாது என்று ஆட்டக்காரன் வேண்டிக்கொள்ளும் நிலையை ஒரு சப்போர்ட் கார்டு உண்டாக்கியது. அமெரிக்க, ஐரோப்பியப் பட்டியலில் ட்ரகூன் தடை செய்யப்பட்டது அதன் பலத்துக்காக. என் ஆட்சேபம் அதன் பலத்தைப் பற்றியதே அல்ல. பலம் குறைவாக இருந்திருந்தாலும் இந்த வடிவமைப்பு தவறுதான்.

கதையிலேயே ஃப்யூஷன் இருக்கிறதே, கதையை எழுதிய தகாஹாஷி கசுகியின் பாத்திரமான கைபா மூன்று ஒயிட் டிராகன்களைச் சேர்த்து 4500 தாக்குதல் கொண்ட அல்டிமேட் டிராகனை உருவாக்கவில்லையா என்று கேட்பார்கள். உருவாக்கினான். ஆனால் அந்தக் காட்சியின் கனம் எங்கிருந்து வந்தது? மூன்று டிராகன்களின் மதிப்பும் ஏற்கெனவே நமக்குத் தெரியும். அவற்றைச் சேர்ப்பதற்கு என்ன விலை என்பதும் தெரியும். கொடுக்கப்படுவது பெரியது என்பதால்தான் கிடைப்பது பெரியதாகத் தெரிந்தது. டெக்கின் அடியில் யாரும் பார்க்காத இடத்திலிருந்து கிரேவ்யார்டுக்கு நகரும் ஒரு பிரதிக்கு அந்தக் கனம் எப்படி வரும்?

இன்னொரு எதிர்வாதம் இதைவிட வலுவானது. திறனே இல்லாத 2500, 3000 மான்ஸ்டர் இன்றைய வேகத்தில் நிற்கவே முடியாது, முதல் முறையிலேயே ஐந்தாறு மான்ஸ்டர்களை இறக்கும் ஆட்டத்தில் அதை நிறுத்த முயல்வது வீண், கச்சாப்பொருளாகவாவது பயன்படட்டும் என்பது அது. இதற்கான பதிலைக் கொனாமியே ஒருமுறை எழுதிக் காட்டிவிட்டது. டார்க் மெஜிஷியனுக்குப் பத்து வருடத்துக்கு முன்பு வந்த இரண்டு கார்டுகளைப் பாருங்கள். 'டார்க் மேஜிக்கல் சர்க்கிள்' களத்தில் இருக்கும்போது டார்க் மெஜிஷியன் இறங்கினால் எதிராளியின் கார்டு ஒன்று ஆட்டத்தை விட்டே போய்விடும். 'எடர்னல் சோல்' அவரை ஒவ்வொரு முறையும் திரும்ப அழைக்கும், எதிராளியின் கார்டுத் திறன்கள் எதுவும் அவரைத் தீண்டாமல் காக்கும். அந்தக் கார்டு களத்தை விட்டுப் போனால் நம் மான்ஸ்டர்கள் அத்தனையும் அழியும். இங்கே டார்க் மெஜிஷியன் இறங்குவதே நிகழ்வு. அவர் நிற்பதே பாதுகாப்பு. ஆபத்தும் அவரோடு கட்டப்பட்டிருக்கிறது. எதிராளி அவர் முகத்தைப் பார்த்துத்தான் தன் அடுத்த நகர்வைத் தீர்மானிக்க வேண்டும். கார்டில் ஓர் எழுத்து மாறவில்லை, எண் மாறவில்லை, ஆனாலும் 2500 தாக்குதல் கொண்ட மந்திரவாதிக்கு ஆட்டத்தின் நடுவில் இடம் கிடைத்துவிட்டது. அந்த டெக் பெரிய கோப்பைகளை வாரிக் குவிக்கவில்லை என்று யாராவது சொன்னால், பழைய மான்ஸ்டருக்கு மரியாதை செய்வதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம் என்பதை அவருக்கு நினைவுபடுத்துவேன்.

வேகத்தைப் பற்றிய வாதத்துக்குள் இருக்கும் ஒரு நம்பிக்கையையும் தொட்டாக வேண்டும். விளையாட்டு என்றால் பழைய காய் பலமிழப்பது இயற்கை என்று அது எடுத்துக்கொள்கிறது. வடசென்னையின் கேரம் போர்டில் அப்படி ஒரு இயற்கை இல்லை. 2008-இல் உலகப் பட்டம் வென்ற வியாசர்பாடி இளவழகி ஆடிய சிவப்புக் காய்க்கும், 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற புது வண்ணாரப்பேட்டை காசிமா ஆடிய சிவப்புக் காய்க்கும் மதிப்பு ஒன்றுதான். அங்கே வளர்ந்தது கையின் நுட்பம். யூ-கி-ஓவில் பழைய கார்டு தேய்வது வணிகத்தின் முடிவு. புதிய பெட்டி விற்க வேண்டுமானால் பழைய பெட்டியில் இருந்தது தோற்க வேண்டும். அப்படித் தோற்கடித்த அதே கைகள், தோற்றதை மீட்பதற்கென்று இன்னொரு பெட்டியை விற்கின்றன. புதிய கார்டுகள் வருவதை நான் குறை சொல்லவில்லை. புதிய கார்டு இல்லாமல் இந்த வகை ஆட்டமே கிடையாது. ஆனால் வணிகத்தின் முடிவை இயற்கை என்று ஏற்றுக்கொண்டுவிட்டால், மீட்பு என்ற பெயரில் எதைக் கொடுத்தாலும் நன்றி சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டியதாகிவிடுகிறது.

எக்ஸோடியாவுக்கு நேர்ந்ததில்தான் என் பொறுமை முழுவதும் போனது. ஐந்து துண்டுகளும் கையில் சேர்ந்தால் ஆட்டம் அங்கேயே முடியும். இந்த விளையாட்டில் இதைப்போல எளிமையாக எழுதப்பட்ட, பயமுறுத்தும் கார்டு வேறில்லை. கதையில் கைபாவின் மூன்று டிராகன்களுக்கு எதிரில் கதாநாயகன் யூகி வென்றதும் இதனால்தான். சண்டையே போடாமல் சேகரித்துக் காத்திருப்பதுதான் அதன் உருவம். 2024-இல் வந்த 'தி இன்ஃபினிட் ஃபர்பிடன்' தொகுப்பு அதற்கும் ஒரு மாபெரும் ஃப்யூஷன் உடலைக் கொடுத்தது. இப்போது எக்ஸோடியாவும் மற்ற எல்லாப் பெரிய மான்ஸ்டர்களையும்போலக் களத்தில் இறங்குகிறது, தடுக்கிறது, தாக்குகிறது. ஐந்து துண்டு வெற்றி விதிப்புத்தகத்தில் இன்னும் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் டெக் கட்டுகிறவனின் கவனத்தை அதிலிருந்து திருப்பிவிட்டார்கள். ஒயிட் டிராகன் நிற்க வேண்டிய கார்டு, அதை நிற்கவிடவில்லை. எக்ஸோடியா காத்திருக்க வேண்டிய கார்டு, அதைக் காத்திருக்கவிடவில்லை. எந்த முகமாக இருந்தாலும் ஒரே அச்சில் வார்த்து, முதல் முறையிலேயே எதிராளியை முடக்கும் ஒரே வகை ஆட்டத்துக்குள் கொண்டுவந்துவிடுகிறார்கள். சப்போர்ட் கார்டுகளின் எண்ணிக்கை கூடக் கூட டெக்குகளுக்கு இடையே இருந்த வித்தியாசம் குறைந்துகொண்டே போகிறது.

பழைய ஆட்டம் வேண்டுமென்றால் பழைய விதியில் ஆடுங்கள் என்று கடைசியாகச் சொல்வார்கள். 2005-இன் கார்டுகளோடு ஆடும் கோட், 2010-இன் கார்டுகளோடு ஆடும் எடிசன் ஆகிய முறைகள் ரசிகர்களிடையே உயிரோடு இருக்கின்றன. கொனாமியும் 'டைம் விசார்ட்' என்ற பெயரில் பழைய முறை ஆட்டங்களை அங்கீகரித்திருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தக் காலத்துப் போட்டிகளிலும் ஒயிட் டிராகன் வலுவான கார்டாக இருந்ததில்லை. இரண்டு பலி என்பது அன்றைக்கே அதிக விலைதான். ஆகவே காலத்தைப் பின்னோக்கித் திருப்புவதால் அதற்கு விடிவு வராது. புதிய கார்டுதான் அதற்கு வழி, அந்த விஷயத்தில் சப்போர்ட்டை ஆதரிப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. எந்தப் புதிய கார்டு என்பதில்தான் சண்டை. டார்க் மெஜிஷியனுக்கு எழுதியதை டிராகனுக்கும் முழுமையாக எழுதலாம். அது களத்தில் இருக்கும்வரை மட்டும் செல்லுபடியாகும் பலன்கள், அதைச் சின்க்ரோவுக்கோ லிங்குக்கோ கொடுத்துவிட்டால் அந்த முறையில் இழந்துவிடும் பலன்கள். இப்படி இரண்டு மூன்று கார்டு வந்தாலே போதும், டிராகனை உருக்குவதா நிறுத்துவதா என்று ஆட்டக்காரன் ஒவ்வொரு முறையும் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கும்.