பெயர் சொல்லும் செயலியும் சாய்வு சொல்லும் செயலியும்

கமராவைக் கல்லுக்கு நேரே பிடித்தால் சில வினாடிகளில் அதன் பெயரைச் சொல்லிவிடும் செயலிகள் கைபேசிகளில் மலிந்துவிட்டன. பெயரோடு கடினம், சந்தை விலை, அந்தக் கல் தரும் அதிர்ஷ்டம் வரை எல்லாம் திரையில் வந்து விழுகின்றன. அதே கைபேசியில் வேலை செய்யும் இன்னொரு வகைச் செயலியும் உண்டு. கைபேசியைப் பாறையின் முகத்தில் சாத்தி வைத்தால், அந்தப் பாறை எந்தத் திசையில் எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்று அது அளந்து சொல்லும். முதல் வகைக்குள்ள மவுசு இரண்டாவதற்கு இல்லை. சபரகமுவ மலைகளில் களப்பயிற்சிக்கு இறங்கும் குடிசார் பொறியியல், புவிவளப் பொறியியல் மாணவரைப் பொறுத்தவரை நிலைமை தலைகீழாக இருக்க வேண்டும். பெயர் சொல்லும் செயலி இந்த மண்ணில் எளிதில் தடுமாறும். சரியாகச் சொன்னாலும் பொறியியலாளருக்கு வேண்டியதில் பாதியைக்கூடச் சொல்லாது. சாய்வு சொல்லும் செயலியோ, புவிச்சரிதவியல் வரைபடத்தை வாசிக்கத் தெரிந்தவரின் கையில், ஒரு சரிவு நிற்குமா வழுக்குமா என்ற கேள்விக்கே கொண்டுபோய் விடும்.

முதல் வகை ஏன் தடுமாறுகிறது என்பதற்கு விடை இந்த நிலத்திலேயே இருக்கிறது. இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலம் கேம்பிரியனுக்கு முற்பட்ட காலத்துப் படிகப் பாறைகளால் ஆனது. சபரகமுவவின் பெரும்பகுதி, புவியியலாளர் உயர்நிலத் தொகுதி என்று வகுத்த பட்டையில் வருகிறது. பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறியவை இந்தப் பாறைகள். கார்னட் கலந்த நைஸ், சார்னோகைட், கொண்டலைட், குவார்ட்சைட், பளிங்கு என்று பெயர்கள் பல. ஆனால் ஒரே கற்குழியின் ஒரே சுவரில், சில மீற்றருக்குள், ஒன்று மற்றொன்றாக மாறிப் போவது இங்கே சர்வ சாதாரணம். சார்னோகைட்டையே எடுத்துக்கொள்வோம். கொல்கத்தாவில் ஜோப் சார்னோக்கின் கல்லறைக் கல்லாக இருந்த பாறைக்குத் தோமஸ் ஹாலந்து வைத்த பெயர் இது. சென்னைப் பரங்கிமலையும் பல்லாவரமும் இதே பாறைதான். கருமையாக, எண்ணெய் பூசியது போன்ற பளபளப்போடு, உடைத்த முகத்தில் பச்சையும் பழுப்பும் கலந்து தெரியும். ஒளிப்படத்தில் இந்த எண்ணெய்ப் பளபளப்பு தொலைந்து, 'கறுப்பான, அடர்த்தியான கல்' என்பது மட்டுமே மிஞ்சும். அந்த வர்ணனைக்கு உலகெங்கும் எடுத்த படங்களில் அதிகம் பொருந்துவது பசால்ட். எரிமலைக் குழம்பு ஓடியே இராத ஒரு மலையில் பசால்ட் என்ற பதில் வந்தால், தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாவற்றையும் கருங்கல் என்று சொல்வதே அதைவிட நேர்மையானது.

வானிலைச் சிதைவு இன்னொரு தடை. தேயிலை, இறப்பர்த் தோட்டங்களின் பாதை வெட்டுகளில் மாணவர் காண்பது பெரும்பாலும் புதிய பாறையை அல்ல, உக்கிய பாறையை. கொண்டலைட்டும் கார்னட் நைஸும் உக்கும்போது இரும்புத் துரு ஏறிச் செம்பழுப்பாகிவிடும். செயலிக்குத் தெரிவது துருதான். சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிப் புதிய முகத்தைத் திறந்து, 10 மடங்கு பெருக்கும் கைவில்லையைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தால், சிவந்த கார்னட் மணிகளும் ஊசி போன்ற சில்லிமனைட்டும் சாம்பல் நிறக் காரீயச் (கிராஃபைட்) செதில்களும் தனித்தனியே தெரியும். கேகாலை மாவட்டத்துப் போகலைச் சுரங்கத்தில் நரம்பு நரம்பாக வெட்டி எடுப்பதும் காரீயம்தான் என்பதை நினைத்தால், அந்தச் செதில்களைக் கவனிக்கத் தோன்றும். செயலிக்குக் கொடுக்கும் படத்தையும் உடைத்த முகத்தில்தானே எடுக்கலாம் என்று கேட்கலாம். எடுக்கலாம், ஆனால் உடைக்கவும் வில்லையில் பார்க்கவும் பழகியவருக்கு அதற்குப் பிறகு செயலி எதற்கு?

செயற்கை நுண்ணறிவு நாளுக்கு நாள் தேறி வருகிறது, இன்றைய குறை நாளை இருக்காது என்பது வலுவான மறுப்பு. படங்களை அடையாளம் காணும் திறன் வளரும் என்பதில் ஐயமில்லை. ஆனால் கல்லை அடையாளம் காட்டும் சான்றுகளில் பல படத்திலேயே இல்லை. கத்தி முனைக்குக் கீறல் விழுமா, கையில் கனக்கிறதா, காந்தம் ஒட்டுகிறதா, அமிலத் துளிக்கு நுரைக்கிறதா என்பதெல்லாம் தொட்டுப் பார்த்து அறிவது. இதற்குச் சாட்சி சபரகமுவவிலேயே இருக்கிறது. இலங்கைக் கனியவள அளவையின் முதல் பணிப்பாளராக 1903 முதல் 1906 வரை இருந்தவர் ஆனந்த குமாரசுவாமி. கலை வரலாற்றாசிரியராகப் பின்னாளில் புகழ்பெற்ற அதே குமாரசுவாமிதான். 1904-ல் இரத்தினபுரி மாவட்டத்து மணற்சரளையில் கிடைத்த கனமான, கறுப்பு நிறக் கனசதுரப் படிகங்களை அவர் முதலில் யுரேனினைட் என்றே எண்ணினார். லண்டனில் வின்டம் டன்ஸ்டன் செய்த இரசாயனப் பகுப்பாய்வில்தான் அதில் தோரியமே மிகுதி என்று தெரிந்து, தோரியனைட் என்ற புதிய கனியமானது. பழுப்பு நிற சின்ஹலைட் கதையும் இதேதான். இரத்தின வியாபாரிகளும் அருங்காட்சியகத்தாரும் அதைப் பெரிடொட் என்றே வைத்திருந்தார்கள். 1952-ல் பிரித்தானிய அருங்காட்சியகம் ஊடுகதிர் கொண்டு சோதித்தபோதுதான் அது போரோனும் அலுமினியமும் கலந்த வேறொரு கனியம் என்று நிரூபணமாயிற்று. கல்லைக் கையில் வைத்துக்கொண்டு வாழ்நாளெல்லாம் பார்த்தவர்களையே தோற்றம் ஏமாற்றியிருக்கும்போது, தோற்றத்தை மட்டுமே நம்பும் கருவி எவ்வளவு தேறினாலும் அதன் எல்லை அங்கேயேதான் நிற்கும்.

அப்படியானால் பெயரே வேண்டாமா என்றால், ஓரிடத்தில் கட்டாயம் வேண்டும். பலாங்கொடைக்கும் பெலிஹுல்ஓயாவுக்கும் அருகே, வளவை கங்கையில் 1992-ல் முடிந்த சமனலவெவ அணை அதைக் காட்டுகிறது. நீரை நிரப்பத் தொடங்கிய ஆண்டிலேயே வலது கரையிலிருந்து நீர் கசிந்து வெளியேறியது. அந்தக் கரையின் அடியில் இருப்பது நீரில் கரைந்து குகையும் துளையுமாகிப்போன சுண்ணாம்புப் பாறை, அதாவது பளிங்கு. நீண்ட சுரங்கம் தோண்டிச் சீமெந்துக் கலவை செலுத்தியும், பின்னர் நீர்த்தேக்கத்தின் அடியில் மண் கொட்டியும் கசிவை முற்றாக நிறுத்த முடியவில்லை. இப்போது அந்தக் கசிவு நீரைக் கீழேயுள்ள கல்தொட்ட வயல்களின் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். இங்கே பளிங்கா குவார்ட்சைட்டா என்ற கேள்விக்குக் கோடிக்கணக்கில் விலை உண்டு. இரண்டும் வெள்ளையாக, மணிமணியாக, படத்தில் இரட்டைப் பிள்ளைகளாகத் தெரியும் என்பதுதான் வேடிக்கை. கத்தியால் கீறினால் பளிங்கில் கோடு விழும், குவார்ட்சைட்டில் விழாது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு துளி விட்டால் சுண்ணாம்புப் பளிங்கு உடனே நுரைக்கும். ஆனால் இலங்கைப் பளிங்கில் பெரும்பகுதி மக்னீசியம் கலந்த டொலமைட் வகை என்பதால் முழுக்கல்லில் நுரை எழாமல் போகலாம்; சுரண்டிப் பொடியாக்கி அதன்மேல் விட்டால்தான் மெல்லப் பொங்கும். பொடியாக்கிப் பார் என்று செயலி சொல்லாது.

இனி இரண்டாவது வகை. ஃபீல்ட்மூவ் கிளைனோ போன்ற செயலிகள் கைபேசிக்குள் இருக்கும் காந்தமானியையும் முடுக்கமானியையும் சேர்த்துப் பயன்படுத்துகின்றன. சாய்ந்த தகரக் கூரையில் மழைநீர் ஓடி இறங்கும் திசை எதுவோ, அதுவே பாறைப் படலத்தின் சாய்வுத் திசை. அதற்குக் குறுக்கே கிடையாகப் போகும் கோடு அதன் போக்கு. இந்த இரண்டையும் கைபேசி ஒரே தொடுதலில் பதிந்து, இடத்தையும் குறித்து, அளவுகளைக் கோளவலை வரைபடத்தில் புள்ளிகளாக இட்டுக் காட்டும். 1894-ல் காப்புரிமை பெற்ற பிரண்டன் திசைகாட்டி இன்றும் தரத்தில் தலைசிறந்தது. ஆனால் அதன் சில நூறு டொலர் விலை மாணவருக்குக் கட்டாது. ஒரு வெட்டுச் சுவரில் பிரண்டனால் பத்து அளவு எடுக்கும் நேரத்தில் கைபேசியால் பல மடங்கு எடுக்கலாம். வெடிப்புகள் எந்தெந்தத் திசையில் கொத்தாகச் சேருகின்றன என்று கண்டுபிடிக்க எண்ணிக்கை வேண்டும். அங்கேதான் கைபேசி ஜெயிக்கிறது. அலைவரிசை கிடைக்காத தோட்டத்து மூலையிலும் இது வேலை செய்யும்.

குறைகள் இல்லாமல் இல்லை. மூடியில் காந்தம் வைத்த கைபேசி உறையைக் கழற்றாமல் அளந்தால் எடுத்த எண்ணெல்லாம் வீண். வாகனம், இரும்புக் கம்பி வேலி, மக்னடைட் மிகுந்த பாறை எல்லாமே திசையைக் கெடுக்கும். அளக்கத் தொடங்குமுன் கைபேசியை எட்டு வடிவில் சுழற்றிச் சரிப்படுத்த வேண்டும். இலங்கையில் காந்த வடக்கு உண்மை வடக்கிலிருந்து ஏறத்தாழ 2 பாகை மேற்கே இருக்கிறது. அதைச் செயலியில் திருத்தாவிட்டாலும் பெரிய கேடில்லை. இடக்குறிப்பில் வரும் பிழைதான் பெரிது. பழைய இலங்கை வரைபடங்கள் எவரெஸ்ட் நீள்வட்டத்தை ஒட்டிய, கண்டவளை என்ற நிலவளவை அடிப்படையில் வரையப்பட்டவை. கைபேசியின் ஜிபிஎஸ் வேறு அடிப்படையில் பேசுகிறது. இரண்டையும் ஒப்பாக்காமல் தாளின் நகலைத் திரையில் ஏற்றினால், நீலப் புள்ளி சுமார் 200 மீற்றர் தள்ளி நிற்கும். பாறை எல்லைக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று தேடுபவரை அது அடுத்த தோட்டத்துக்கே அனுப்பிவிடும். பிழையைப் பிடிக்க எளிய வழி, ஆறும் பாதையும் சந்திக்கும் பாலம் போன்ற தெளிவான இடத்தில் நின்று திரையைப் பார்ப்பது.

அளந்த எண்ணுக்குப் பொருள் தருவது வரைபடம். அமெரிக்க விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய ராக்ட் என்ற செயலி, நிற்கும் இடத்தின் புவிச்சரிதத்தைத் திரையில் காட்டும். வட அமெரிக்காவில் நுணுக்கமாகக் காட்டுவது, நம் பக்கத்தில் உலக வரைபட அளவிலேயே நின்றுவிடுகிறது. இங்கே நம்ப வேண்டியது புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தின் 1:100,000 தாள்களை. அதை மேசையில் முழுதாக விரித்துப் பார்க்க வேண்டும், ஏனெனில் மடிப்பு மலைகளின் நீண்ட வளைவுகள் கைபேசித் திரையின் சதுரத்துக்குள் அடங்குவதில்லை. வாசிப்பில் முதலில் பழக வேண்டியது, ஒரு பாறையின் எல்லைக்கோடு பள்ளத்தாக்கைக் கடக்கும் விதம். சமவுயரக் கோடுகளை ஒட்டியே போனால் படை கிட்டத்தட்டக் கிடையாக இருக்கிறது. பள்ளத்தாக்கைச் சட்டை செய்யாமல் நேராக வெட்டிப் போனால் செங்குத்து. ஆப்பு வடிவில் வளைந்து முனை ஆறு ஓடும் பக்கம் நீண்டால், படை ஆற்றோடு அதே பக்கம், ஆற்றுப் படுக்கையைவிடக் கடுமையாகச் சாய்கிறது. முனை மேல்நோக்கி நீண்டால் பெரும்பாலும் எதிர்ப்பக்கம் சாய்கிறது. இப்படித் தாளில் ஊகித்த சாய்வைக் களத்தில் கைபேசியால் அளந்து சரிபார்ப்பதே உண்மையான பயிற்சி.

1:100,000 தாளில் 1 மில்லிமீற்றர் என்பது நிலத்தில் 100 மீற்றர். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயன் வரிசை அதில் புள்ளியாகக்கூடத் தெரியாது, பொறியியலாளருக்கு இது எதற்கு என்ற கேள்வி நியாயமானது. ஒரு வீட்டின் அத்திவாரத்தை அந்தத் தாளை வைத்து யாரும் முடிவு செய்யக் கூடாது. அதற்குத்தான் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் 1:10,000 மண்சரிவு அபாய வலய வரைபடங்கள். மலைநாட்டு மண்சரிவுகள் பல பாறையில் நடப்பதில்லை, மேலே குவிந்த மண்ணில்தான் நடக்கின்றன, பாறையின் சாய்வு எதற்கு என்று அடுத்த கேள்வி வரும். அந்த நிறுவனம் அபாயத்தை மதிப்பிடும்போது சரிவின் கோணம், நீரோட்டம், மேல்மண், நிலப் பயன்பாடு, நில அமைப்பு ஆகியவற்றோடு அடிப்பாறையையும் அதன் கட்டமைப்பையும் சேர்த்தே கணக்கிடுகிறது. சரிவும் படலமும் ஒரே பக்கம் சாய்ந்தால், மழைநீர் உக்கிய பாறையின் படலங்கள் வழியே இறங்கி, பாறைக்கும் மண்ணுக்கும் இடையே தேங்கி, மேலே இருப்பதைத் தூக்கிவிடும். அந்தச் சரிவின் அடிவாரத்தை வீட்டுக்காகவோ பாதைக்காகவோ வெட்டினால் தாங்கி நின்றதும் போய்விடுகிறது. எதிர்ப்பக்கம் சாய்ந்த சரிவில் இந்தப் பயம் குறைவு. அங்கே கல் பெயர்ந்து விழுவதைத்தான் பார்க்க வேண்டும். இந்த வேறுபாட்டைச் சொல்வது சாய்வின் எண்தான். சார்னோகைட் என்ற பெயர் சொல்லாது.

இவ்வளவும் புவியியலாளரின் வேலை, பொறியியல் மாணவர் ஏன் சுமக்க வேண்டும் என்று கடைசியாகக் கேட்கலாம். 2016 மே 17 அன்று அரநாயக்கவில் சாமசர மலை இறங்கி நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தும் காணாமலும் போனார்கள். அதே நாளில் புலத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்திலும் லயன்கள் புதைந்தன. தோட்டங்களில் புதிய வீடுகளுக்கு இடம் வெட்டும் ஒவ்வொரு முறையும் புவியியலாளர் பக்கத்தில் நிற்கப் போவதில்லை. வெட்டச் சொல்லும் இடத்தில் நிற்பவர் பொறியியலாளர், அல்லது தொழில்நுட்ப உத்தியோகத்தர். எப்போது வேலையை நிறுத்திவிட்டு நிபுணரைக் கூப்பிட வேண்டும் என்று அறியும் அளவுக்காவது அவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே பெயர் சொல்லும் செயலிக்கு ஆண்டுச் சந்தா கட்ட வேண்டாம். ஆர்வத்துக்கு இலவசப் பதிப்பு போதும். அதன் பதிலை அறிக்கையில் எழுதவே கூடாது. சாய்வு அளக்கும் செயலியை இன்றே இறக்கிக்கொள்ளுங்கள். சந்தாப் பணத்தில் நல்ல கைவில்லை ஒன்றும், பிட்டகோட்டேயிலுள்ள பணியகத்தில் உங்கள் பகுதிக்கான தாள் ஒன்றும் வாங்குங்கள். சுத்தியலை இரவல் வாங்கிக்கொள்ளலாம்.