சமையலறையை மாற்றக் கேட்டவள்

அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' கதையைப் பேசும்போது நாம் பெரும்பாலும் அதன் முடிவுக்கே போய்விடுகிறோம். சமையலறையே தன் அதிகாரம் என்று வாழ்ந்த மூத்த பெண்ணிடம், அதைத் தாண்டிய வாழ்வைப் பற்றி மருமகள் பேசும் இடம் அது. 1988இல் க்ரியா வெளியிட்ட தொகுப்புக்குத் தலைப்பு தந்த இக்கதையின் நடுவில், அவ்வளவாகக் கவனிக்கப்படாத சிறு நிகழ்ச்சி ஒன்று உண்டு. மருமகள் மீனாட்சி சமையலறையைக் கொஞ்சம் மாற்றிக் கட்டச் சொல்கிறாள்.

ராஜஸ்தானில் ஒரு பெரிய கூட்டுக்குடும்ப வீடு. அதன் சமையலறையோ மூலையில், இருட்டில். பாத்திரம் கழுவும் தொட்டி மிகச் சிறியது. தண்ணீர் காலடியில் தேங்க, நின்று கழுவும் பெண்களின் பாதங்கள் வெடிக்கின்றன. வெளியே இருக்கும் தாழ்வாரத்தை அகலப்படுத்திப் பெரிய தொட்டி வைக்கலாம் என்பது மீனாட்சியின் யோசனை. அதன் பிறகு நடப்பது வேறு. அங்கே கயிறு கட்டித் துணி காயப்போடுகிறார்கள். ஜன்னல் வழியே தெரிந்த பச்சை மலையும் மறைந்துபோகிறது.

அவள் கேட்டது பெரிய செலவில்லை. அந்த வீட்டில் பணத்துக்கும் பஞ்சமில்லை. ஈரத்தில் நிற்பவளே வீட்டின் அமைப்பைப் பற்றிப் பேசிவிட்டாள் என்பதுதான் அங்கே உறுத்துகிறது. சமையலறைச் சீரமைப்பு என்றதும் 'எவ்வளவு ஆகும்?' என்று தொடங்குகிறோம். அதற்கு முன்னால் 'யார் சொல்வது?' என்றொரு கேள்வி இருப்பதை இக்கதை காட்டிவிடுகிறது.

வசதியான வீட்டுக் கதையைப் பணமில்லாத வீடுகளின் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் அது எவ்வளவு தூரம் செல்லும் என்பது தெரியும். நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையை எடுத்துக்கொள்வோம். மலையாளிப் பழங்குடி மக்களின் பழைய வீடுகளில் மண் அடுப்பைப் போடுவது, தரையைச் சாணத்தால் மெழுகுவது எல்லாம் பெண்களின் கைவேலை. 'நீங்களே செய்யுங்கள், செலவைக் குறையுங்கள்' என்று இன்று புதுமைபோலச் சொல்லப்படுவதை அவர்கள் தலைமுறைகளாகச் செய்துவருகிறார்கள். அந்த வேலைக்குக் கூலி இல்லை, ஆகவே அது கணக்கிலும் இல்லை. ஆனாலும் அதில் ஓர் உரிமை இருந்தது. அடுப்பு உயரமாகப் பட்டால் அவளே உடைத்து வேறு போட்டுக்கொள்ளலாம். சிமெண்ட் மேடையை அப்படி மாற்ற முடியாது. கொத்தனார் எந்த உயரத்தில் கட்டிவிட்டுப் போனாரோ அந்த உயரத்தில்தான் அவள் இடுப்பு வலிக்கும்.

2016இல் தொடங்கிய பிரதமரின் ஊரக வீட்டுவசதித் திட்டம், வீட்டின் குறைந்தபட்ச அளவை 20 சதுர மீட்டரிலிருந்து 25ஆக உயர்த்தி, சமையலுக்கான இடத்தையும் அதில் சேர்த்தது. நல்லதுதான். ஆனால் அந்த 25 சதுர மீட்டருக்குள் ஜன்னல் எந்தப் பக்கம், புகை எங்கே போகும், கழுவிய தண்ணீர் எங்கே ஓடும் என்பதையெல்லாம் தீர்மானிக்கும்போது அவளிடம் யார் கேட்கிறார்கள்? அளவு கூடலாம், மூலை அப்படியே இருக்கலாம்.

அவள் உழைப்பைக் கணக்கில் சேர்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கொல்லிமலையின் சாமையே சாட்சி. சாமையை உரலில் குத்தி உமி நீக்குவது பெண்களின் முதுகை ஒடிக்கும் வேலை. மரவள்ளி பணம் தந்தது, ரேஷன் அரிசி அந்தக் குத்தலே இல்லாமல் சோறானது. சாமையும் தினையும் வயல்களில் சுருங்கின. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே சிறுதானியங்களைக் காக்க முனைந்தபோது, உமி நீக்கும் எந்திரங்களையும் ஊருக்குள் கொண்டுவர வேண்டியிருந்தது. சுயஉதவிக் குழுக்கள் அவற்றை நடத்தின. பயிர் அழியப்போகிறது என்றதும் உரலடி வேலை கண்ணில் பட்டது. அவள் முதுகு மட்டும் வலித்துக்கொண்டிருந்தபோது அது யாருக்கும் செய்தியாகவில்லை.

இங்கிருந்து திரும்பிப் பார்த்தால் அம்பையின் கதையில் ஒரு எல்லை தெரிகிறது. மீனாட்சி தனியாகக் கேட்கிறாள். அதே ஈரத்தில் நிற்கும் மற்ற பெண்கள் அவளோடு சேர்ந்து கேட்கவில்லை. சமையலறைக்குள் பெண்களுக்கிடையே இருக்கும் அதிகார அடுக்கைக் கதை கூர்மையாகக் காட்டுகிறது. ஆனால் சேர்ந்து கேட்டால் என்னவாகும் என்ற இடத்துக்கு அது போகவில்லை. கொல்லிமலையின் எந்திரம் அந்த இடத்தைக் கொஞ்சம் தொடுகிறது. குத்துகிற வேலை ஒரு வீட்டின் மூலையை விட்டு வெளியே வந்து ஊரின் காரியமானது.

'சமையலறையைச் சீர்செய்வது அவளை அங்கேயே கட்டிப்போடுவதாகாதா?' என்று மாணவிகள் கேட்கலாம். சரியான கேள்வி. வெளியேறும் நாள்வரை ஈரத்தில் நிற்கத்தான் வேண்டுமா என்பது என் பதில் கேள்வி. கூரையில் ஒரு கண்ணாடி ஓடு, அடுப்புக்கு மேல் ஒரு புகைப்போக்கி, கழுவுநீரை வாழைக்கு விடும் ஒரு குழாய். இவற்றுக்கு ஆகும் பணம் குறைவு. ஆனால் 'நீயே செய்துகொள்' என்று அதையும் அவள் தலையில் போட்டால் அது சிக்கனமல்ல, இன்னொரு கூலியில்லா வேலை. சுவர் எழுப்பும்போது கூட நின்ற ஆண்கள் புகைப்போக்கி வைக்கும்போதும் நிற்கட்டும். எங்கே வைப்பது என்பதை அவள் சொல்லட்டும்.